விதியோடு காரணத்தையும் சொல்வோம்

தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கு வரும் சாலையில், விடுமுறைக் காலம் வந்துவிட்டால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நிற்பவர்களைப் பார்க்காமல் ஊர் வந்து சேர முடியாது. வாகனத்தை நிறுத்தக் கூடாது, விலங்குகளுக்கு உணவு தரக் கூடாது என்று நீலகிரியின் முதுமலை புலிகள் காப்பகத்தில் வழிநெடுகப் பலகைகள் இருக்கின்றன. பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் காட்டுக்குக் கெடுதல் செய்ய வந்தவர்கள் அல்லர். கூடாது என்று மட்டும் சொல்லி ஏன் என்று சொல்லாத விதி, அபராதத்துக்காகப் போட்ட விதியாகவே அவர்களுக்குத் தெரிகிறது. எனவே உள்ளூர்க்காரர்களான நாம்தான் அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போன கோடையில் ஒரு குடும்பம் கார் கண்ணாடியை இறக்கிக் குரங்குகளுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தது. "அண்ணா, தீனிக்குப் பழகிவிட்டால் இவை காட்டுக்குள் இரை தேடாமல் சாலையிலேயே காத்திருக்கும். வேகமாக வருகிற வண்டியில் அடிபடுவது குட்டியைச் சுமந்திருக்கும் தாயாகவும் இருக்கும்" என்றேன். அவர் வாதாடவில்லை, பையனின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி மூடிவிட்டார். அதட்டியிருந்தால் அடுத்த வளைவில் போய் மறுபடியும் போட்டிருப்பார்.

தூக்கி எறியும் பொட்டலமும் அத்தோடு போய்விடுவதில்லை. உப்பும் மசாலாவும் ஒட்டிய உறையை மானும் யானையும் மணத்துக்காகவே தின்றுவிடுகின்றன. காய்ந்த யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறும்போது, நார்களுக்கு நடுவே வெள்ளி நிறம் மாறாத சிப்ஸ் உறை கசங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது வெளியே வந்துவிட்டது. உள்ளேயே தங்கிவிடுவதை நாம் பார்ப்பதில்லை.

உடைந்த பாட்டில் இதைவிடக் கொடியது. யானையின் கால் தூண் போலத் தெரிந்தாலும் உள்ளங்கால் மெத்தென்றிருக்கும். அதில் கண்ணாடிச் சில்லு ஏறிச் சீழ் பிடித்துவிட்டால், நாள்தோறும் தீனிக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்தாக வேண்டிய அந்த விலங்கு நடக்க முடியாமலே மெலிந்து செத்துப் போகலாம். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்துவிடும் முறை வந்தது. அதன்பின் பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன; திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. குடித்துவிட்டு எறிகிறவர்களைத் திருத்தவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால், விதியைக் கடைப்பிடிக்க எளிய வழி இருந்தால் மக்கள் கடைப்பிடிக்கிறார்கள் என்பதை இப்போது அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வரும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்கும் காரணம் உண்டு. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கினால், சூடேறிய பிரேக் பாதி வழியில் பிடிக்காமல் போய்விடும். இதை விளக்கிச் சொன்னால், குடும்பத்தோடு வருகிற யாரும் மறுப்பதில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை எடுக்கும் நேரத்திலேயே இப்படிப்பட்ட காரணங்கள் நான்கு வரியில், தமிழோடு கன்னடத்திலும் மலையாளத்திலும் கண்ணில் பட்டால் நல்லது.

ஆனால் நம் ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இரவு சஃபாரி என்று சொல்லி ஜீப்பில் ஆள் ஏற்றி, விளக்கடித்து விலங்கு காட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதுமலையை ஒட்டிய கர்நாடகக் காடான பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதே விலங்குகள் அந்த நேரத்திலாவது அச்சமின்றி நடமாடட்டும் என்பதற்காகத்தான். உள்ளூர்க்காரரே பணம் வாங்கிக்கொண்டு அதைக் கெடுத்தால், மறுநாள் காலையில் நாம் சொல்லும் எந்தக் காரணமும் விருந்தினர் காதில் ஏறாது. தங்க வருகிறவர்கள் இரவு சஃபாரி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். காலையில் தெப்பக்காட்டுக்குப் போய் வனத்துறை வண்டிக்குச் சீட்டு வாங்கும்படி வழி சொல்லி அனுப்புங்கள்.