ஜார்ஜ்டவுன்: வீட்டுக்கு அடியில் ஒரு சினிமா

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் டாக்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவின் திமேரி விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஜார்ஜ்டவுன் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ராத்திரியில் தனியாக இறங்கியதைப் பார்த்து 60 அமெரிக்க டாலர் கறந்துவிட்டார் ஓட்டுநர். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது! பகலில் இறங்குங்கள், 42ஆம் எண் மினிபஸ்ஸில் ஏறுங்கள். சில நூறு கயானா டாலரோடு முடிந்துவிடும்.

மினிபஸ்ஸில் பாட்டு காதைப் பிளக்கும். மறுநாள் ஸ்டாப்ரோக் சந்தையில் ஏறிய வண்டியில், தன்பாலீர்ப்பு கொண்டவர்களைச் சுடச் சொல்லும் டான்ஸ்ஹால் (ஜமைக்காவின் ஆட்டப்பாட்டு வகை) பாட்டு ஓடியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் போய்க்கொண்டிருந்ததோ, அவர்களைப் பற்றிய குறும்படங்கள் பார்க்க.

இந்த ஊரில், பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதை எதிர்க்கும் சாஸாட் அமைப்பு 2005இலேயே பால்புதுமையினர் படங்களைத் திரையிட ஆரம்பித்துவிட்டது. நான் பார்த்தது ஒரு வீட்டில். வெள்ளத்துக்குப் பயந்து தூண்களின் மேல் கட்டிய மரவீடு. கீழே இருக்கும் திறந்த இடத்தை 'பாட்டம் ஹவுஸ்' என்கிறார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள், அதுதான் திரை.

வீட்டு ஆன்ட்டியின் குடும்பப்பெயர் மூன்சாமி. நம்ம முனுசாமிதான்! காலையில் பூஜை நடந்ததால் செவன் கறி, அதாவது ஏழு கறிச் சாப்பாடு, மீதமிருந்தது. அல்லி இலையில் சோறு, பருப்பு, பூசணி, மாங்காய்க் கறி. அந்த மாங்காய்க் கறிக்காகவே இன்னொரு முறை டிக்கெட் போடலாம்.

சரி, படத்துக்கு வருகிறேன். கேவின் ராமுதார் 2014இல் எடுத்த 'ஆன்டிமேன்'. ஆண்களை விரும்பும் ஆண்களை இங்கே வைகிற சொல் அது. கயானா கிராமத்துச் சிறுவன் ஒருவன், அவனை 'ஆம்பளை' ஆக்கத் துடிக்கும் அப்பா. இந்த மாதிரிக் கதைகள் டொராண்டோவுக்கு விமானம் ஏறுவதோடு முடிந்தால் எனக்கு ஆகாது. ஊரை விட்டுப் போனால்தான் விடிவு என்றால், இந்த வீட்டடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன பதில்?

பாதியில் கரண்ட் போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் பேச்சு சட்டத்துக்குப் போனது. பெண் உடை அணிந்ததற்காக 2009இல் கைதானவர்களை மாஜிஸ்திரேட் தேவாலயத்துக்குப் போகச் சொன்னார். அவர்களில் நான்கு பேர் விடாமல் போராடி, 2018 நவம்பரில் கரீபிய நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் ஆணும் ஆணும் உறவு கொண்டால் ஆயுள் தண்டனை வரை விதிக்கும் பிரிட்டிஷ் காலச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. "என் அக்கா என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது, ஆனால் அவளும் இதே தெருதான்," என்றது ஒரு குரல். யார் என்று தெரியவில்லை.

கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போடப் போனார்கள். ஆன்ட்டி விடவில்லை. "அந்தப் பையனை முதலிலிருந்து காட்டு," என்று நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.