எது குறையுது?

"லோடு ஏறினா குறையுது மக்கா" என்றார், வள்ளத்து எஞ்சினை என் ரிப்பேர் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர். எது குறையுது என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

9.9 குதிரைசக்தி மண்ணெண்ணெய் எஞ்சின். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. பெட்ரோலில் சூடாக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன், ஒரு இருமல் கூட இல்லை. இரண்டு பேர் போனால் பறக்கிறதாம். ஐந்து பேரும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏறி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால்தான் வள்ளம் மூச்சு வாங்குகிறதாம். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் போட்டு ஓட்டினேன். டிரம்மில் எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான். முழு வேகம் கொடுத்தால் தண்ணீர் பூராவும் நம் மேல் இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

கூட வந்த மகன், பதினாறு பதினேழு வயது இருக்கும், "சத்தம் குறையல அண்ணே, கூடுது" என்றான்.

"அப்பா பேசுறாரு இல்ல, இரு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அந்த ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். லோடில் சத்தம் தாழ்ந்தால் எஞ்சினுக்குச் சாப்பாடு போகவில்லை: டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கலாம், ஹோஸ் உள்ளே உரிந்திருக்கலாம், எண்ணெய் பம்பின் சவ்வு, அதாவது டயாப்ரம் போயிருக்கலாம், கார்புரேட்டரில் எண்ணெய் போகும் சின்னத் துளை, அதாவது மெயின் ஜெட் அடைத்திருக்கலாம். சத்தம் ஏறி வள்ளம் மட்டும் நின்றால், எஞ்சின் சுற்றுகிறது, புரொப்பல்லர் சுற்றவில்லை. புரொப்பல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. இறக்கை மணலில் இடித்தால் கியர் உடையாமல் அது வழுக்கிக் கொடுக்கும். அலையில் ஏற்றி இறக்கும் நம் கரையில் மணலில் இடிக்காத புரொப்பல்லர் எது? நாள்பட்டால் அந்த ரப்பர் இடிக்காமலேயே வழுக்கத் தொடங்கும். சும்மா ஓட்டினால் பிடித்துக்கொள்ளும், பாரம் வந்தால் விட்டுவிடும்.

அதைச் சொன்னவனைத்தான் சும்மா இருக்கச் சொன்னேன். அவன் அப்பா சொன்ன "குறையுது" இழுவையைப் பற்றி. நான் சத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் வேறு. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை, வள்ளத்துக்காரர் நாலு காசு பார்க்கிற நேரம். என் கொட்டகையில் ஏழு எஞ்சின் வரிசையில் கிடந்தது. கூடவே வள்ளத்தில் ஏறி, வேகம் விழும் நேரத்தில் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்திருந்தால் போதும். அமுக்கியதும் எஞ்சின் நிமிர்ந்தால் எண்ணெய்க் கோளாறு, நிமிராவிட்டால் வேறு இடம் தேட வேண்டும். அரை மணி நேர வேலை. போகவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றினேன். மெயின் ஜெட்டில் பாதிக்கு மேல் பிசின் மாதிரி அடைப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டவும் செய்தேன். கையில் சாட்சி கிடைத்துவிட்டால் அப்புறம் மனம் வேறெதையும் தேடாது. டயாப்ரமும் மாற்றி 1,400 ரூபாய் வாங்கினேன்.

மூன்றாம் நாள் அவர்கள் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, கரையில் ஏலம் முடிந்துவிட்டது. பாதிக் கடலில் புரொப்பல்லர் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து, நடக்கிற வேகத்தில் கரை சேர்ந்திருக்கிறார்கள். காற்று இல்லாத நாள். காற்று இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்கிறேன்.

அவர் திட்டவில்லை. புரொப்பல்லரைக் கழற்றி வந்து என் பெஞ்சில் வைத்தார். பின்பக்கம், நடுக் குழாயிலிருந்து வெளி உடம்பு வரை சிவப்பாக ஒரு கோடு. அக்காளின் நகப்பூச்சு என்றான் பையன். நேராக இருக்க வேண்டிய கோடு ரப்பருக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தள்ளி நின்றது. புஷ் வழுக்குகிறதா என்று பார்க்க இப்படிக் கோடு போடுவார்கள். என் கொட்டகையில் நான் வேறொருவருக்குப் பெயின்டால் போட்டதைப் பார்த்திருக்கிறான். நான் பேச விடாத பிறகு, கடலுக்குப் போகும் முன்பே போட்டுவைத்திருக்கிறான்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அடைப்பு பொய் இல்லை. அந்த எஞ்சின் அதுவரை முழுப் பலத்தைக் காட்டியிருக்காது. நான் ஜெட்டைச் சுத்தம் செய்து பலம் திரும்பிய பிறகுதான் தளர்ந்த புஷ் முழுதாக விட்டிருக்க வேண்டும். இரண்டு கோளாறும் ஒன்றாக இருந்திருந்தால் அப்பன் சொன்னதும் சரி, மகன் சொன்னதும் சரி. இதை மற்ற மெக்கானிக்குகளிடம் சொன்னால் தலையாட்டுகிறார்கள். ஆனால் அப்படியானால் நான் ரிப்பேர் செய்துதான் அவர்களை நடுக்கடலில் நிறுத்தினேன் என்றாகிறது. அதற்கு ஜெட்டைத் தப்பாகப் பார்த்தேன் என்பதே மேல்.

வேறு புரொப்பல்லர் மாட்டிக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை. 1,400-ஐத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். "வேலை செஞ்சது செஞ்சதுதானே" என்றார். உடனே பையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை நீட்டியிருக்கலாம்.

பழைய புரொப்பல்லர் ஆணியில் தொங்குகிறது. பையன் இப்போது கொட்டகைப் பக்கம் வருவதில்லை, ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான் என்றார்கள். காரணம் அதுவாக இருக்கலாம்.

இப்போதெல்லாம் வருகிறவர்களிடம் முதலில் சத்தத்தைத்தான் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன வாரம் ஒருவர் வந்து "ஆள் ஏறினா குறையுதுப்பா" என்றார். கார்புரேட்டரின் இரண்டாவது போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான், எது குறையுது என்று கேட்டேன்.