திருவொற்றியூரில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி பெற்ற அனுபவம்

தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர், விவரங்கள் சரியென்று தாங்களே சான்றளித்து, முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமல் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியாகவே அனுமதி பெறலாம். திருவொற்றியூரில் அப்பா விட்டுச்சென்ற அரை கிரவுண்டில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நான் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். கட்டணம் செலுத்தியதும் அனுமதி வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் நில ஆவணங்களைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆனது.

திருவொற்றியூர் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட எங்கள் கிரயப் பத்திரத்தில் பழைய கிராம சர்வே எண் இருந்தது. பட்டாவிலோ நகர நில அளவை எண். இரண்டும் ஒரே மனையைக் குறிப்பவை என்பதை நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுதான் காட்ட முடிந்தது. அதோடு பட்டா அப்பாவின் பெயரிலேயே இருந்ததால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தங்கையிடமிருந்து அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவுசெய்து, அதன் பிறகே பெயர் மாற்றத்திற்கு மனுப் போட்டேன். எங்கள் தெருவில் பலர் தாத்தா பெயரிலுள்ள பட்டாவை வைத்துக்கொண்டே வரைபடம் போட அலைகிறார்கள்; பட்டா தங்கள் பெயருக்கு மாறுமுன் பொறியாளருக்கு முன்பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

அளவு விஷயத்திலும் கவனம் தேவை. பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருந்தாலும் பட்டாவில் சற்றுக் குறைவாகவும், நேரில் அளந்தபோது அதைவிடக் குறைவாகவும் இருந்தது. மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் வரைபடம் வரைய வேண்டும் என்று பதிவுபெற்ற பொறியாளர் உறுதியாகச் சொன்னார். குறுகிய தெரு என்பதால் முன்புறம் ஒன்றரை மீட்டர் காலியாக விட வேண்டியிருந்தது. வாசலை ஒட்டி நினைத்திருந்த பைக் நிறுத்தும் இடமும் படிக்கட்டும் இதனால் இடம் மாறின. அம்மாவுக்கு அதில் இன்னமும் மனக்குறை உண்டு.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வரைபடம் ஆகியவற்றை ஏற்றியபின் மற்றவை விரைவாக முடிந்தன. ஆனால் ஆய்வு இல்லை என்பதற்காக வரைபடத்தை மீறிக் கட்டலாம் என்று மேஸ்திரிகள் சொல்வதை நம்ப வேண்டாம். தகவல் பொய்யென்று தெரிந்தால் அனுமதியே ரத்தாகும்; அதற்குப் பொறுப்பு கையெழுத்திட்ட நமக்குத்தான். கியூஆர் குறியீடு உள்ள அனுமதி ஆணையின் நகல் ஒன்றை மனையிலும், இன்னொன்றை வீட்டுக் கடனுக்காக வங்கியிலும் கொடுத்து வைத்தேன். இத்தகைய வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு இருப்பதால், பூச்சு வேலை முடிந்ததும் மின் இணைப்புக்கு நேரடியாகவே விண்ணப்பித்துவிட்டேன்.