கான்ட்ரா பாட்டு ஏன் வேகமாக ஓடியது

அக்கா மே மாதம் பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, இந்த முறை அவளோடு உட்கார்ந்து கான்ட்ரா என்ற பழைய வீடியோ கேமை ஆட வேண்டும் என்பதுதான். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது. கேசட்டை மேலே செருகி, டிவியில் ட்யூனிங்கைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. அலமாரியில் கான்ட்ரா கேசட் மட்டும் மிஞ்சியிருந்தது.

கையில் ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி என்ற சிறு கணினிப் பலகை சும்மா கிடந்தது. 2016-ல் வந்த பலகை, 1 ஜிபி நினைவகம். இன்றைய கணக்கில் சின்னதுதான், ஆனால் அந்தக் காலத்து 8 பிட் விளையாட்டுகளுக்குத் தாராளம். அதில் ரெட்ரோபை போடுவது என்று முடிவெடுத்தேன். பழைய கருவிகளைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர்கள், அவற்றை ஓட்டும் ரெட்ரோஆர்ச், டிவியில் பட்டியல் காட்டும் எமுலேஷன்ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்த இலவச மென்பொருள் தொகுப்பு அது.

நிறுவுவது எளிது. மடிக்கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற செயலியைத் திறந்து, பிற இயங்குதளங்கள் இருக்கும் பகுதியில் கேம்களுக்கான பட்டியலுக்குள் போனால் ரெட்ரோபை இருக்கும். பை 2, 3 இரண்டுக்கும் ஒரே பதிப்பு, பை 4-க்கு வேறு. இதை மாற்றி எடுத்தால் சரியாக ஓடாது. 32 ஜிபி மெமரி கார்டில் எழுதி, பலகையில் செருகி, எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் மாட்டினேன். முதல் முறை கார்டின் முழு அளவுக்குத் தன்னை விரித்துக்கொண்டு, தானாகவே ஒருமுறை அணைந்து துவங்கும். அப்போது அவசரப்பட்டு எதையும் பிடுங்கக் கூடாது.

அப்புறம் திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் சின்னம் வந்து வந்து போயிற்று. விளையாட்டு தொடங்கினால் ஒலி திக்கியது. நான் மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு மாலை செலவழித்து, கார்டை மறுபடி எழுதினேன். உண்மையில் அந்த மின்னல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம் போதவில்லை. நான் மாட்டியிருந்தது பழைய போன் சார்ஜர். பை 3-க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும், கேபிளும் மெல்லியதாக இருக்கக் கூடாது. மின்னழுத்தம் இறங்கினால் பலகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சரியான அடாப்டர் வாங்கி மாட்டியதும் மின்னலும் போயிற்று, திக்கலும் போயிற்று. யாராவது இதைத் தொடங்குவதாக இருந்தால் முதல் செலவை இதில் செய்யுங்கள்.

யுஎஸ்பி கேம்பேட் இரண்டு வாங்கியிருந்தேன். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எமுலேஷன்ஸ்டேஷன் எந்தப் பட்டன் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொள்ளும். இல்லாத பட்டனைக் கேட்டால் ஏதாவது ஒன்றை அழுத்திப் பிடித்தால் அடுத்ததற்குப் போகும். கேம்பேடில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் பதியுங்கள்: நிண்டெண்டோ முறையில் வலப்பக்கம் ஏ, கீழ்ப்பக்கம் பி. கடைசியில் கேட்கும் ஹாட்கீக்கு, அதாவது மற்ற பட்டன்களோடு சேர்த்து அழுத்தும் பட்டனுக்கு, செலக்ட்டைக் கொடுத்தால், செலக்ட்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்தி விளையாட்டை விட்டு வெளியே வரலாம்.

ரெட்ரோபையுடன் பழைய வணிக விளையாட்டுகள் வராது. அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. அவரவர்தான் கொண்டுவர வேண்டும். நண்பர் ஒருவரிடம் கேசட்டில் உள்ளதைப் படிக்கும் கேட்ரிட்ஜ் ரீடர் இருந்ததால் அலமாரியில் கிடந்த எங்கள் கேசட்டிலிருந்தே கோப்பை எடுத்துக்கொண்டேன். அந்தக் கேசட்டே அசல் அல்ல என்பது எனக்குத் தெரியும். அது உறுத்தியதால்தான் பிள்ளைகளுக்காக மைக்ரோ மேஜஸ் என்ற விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினேன். 2019-ல் அதே பழைய கருவிக்காகப் புதிதாக எழுதியது. வெறும் 40 கிலோபைட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து ஆடும்படி செய்திருக்கிறார்கள், அந்த உழைப்பை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. பென் டிரைவில் ரெட்ரோபை என்று ஒரு காலி அடைவு உருவாக்கிப் பலகையில் செருகினால், தேவையான உள் அடைவுகளை அதுவே போட்டுத் தரும். பிறகு மடிக்கணினியில் கோப்புகளை அதற்குரிய இடத்தில் வைத்து மறுபடி செருக வேண்டும். எமுலேஷன்ஸ்டேஷனை ஒருமுறை மூடித் திறந்தால்தான் புதிய விளையாட்டு பட்டியலில் தெரியும்.

அக்கா வந்தாள். இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அவள் விரல் தானாகவே போயிற்று. 30 உயிர் தரும் பழைய ரகசியக் குறியீடு அது. முதல் காடு தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை, நிறுத்திவிட்டாள்.

“என்னடா இது, வேகமா ஓடுது. பாட்டே வேற மாதிரி இருக்கு.”

“உனக்குப் பழக்கம் விட்டுப்போச்சுக்கா.”

“பழக்கம் இல்லடா. காலம் மாறியிருக்கு. தாளத்தைக் கேளு.”

அக்கா பத்து வருடம் பாட்டு கற்றவள். பாட்டின் காலம், அதாவது அதன் வேகம், மாறியிருக்கிறது என்று அவள் சொன்னால் மாறித்தான் இருக்கும். அன்று இரவு தூங்காமல் தேடியதில் காரணம் கிடைத்தது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்து டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. அந்த விளையாட்டில் ஆள் ஓடுவது, குண்டு பறப்பது, பாட்டு நகர்வது எல்லாமே டிவி ஒரு படம் வரையும்போது ஓர் அடி வைக்கும்படி எழுதப்பட்டவை. எங்கள் நகல் பெட்டி 50-ல் ஓடியதால் எல்லாம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடந்தது. ஜப்பானில் ஒரு நிமிடம் ஓடும் பாட்டு எங்கள் வீட்டில் 72 நொடி ஓடியது. எமுலேட்டர் சரியான வேகத்தில்தான் ஓடியது. நாங்கள்தான் சிறுவயது முழுக்க வேறொரு கான்ட்ராவை ஆடியிருக்கிறோம். எனக்கு அந்த இரவில் உடம்பு சிலிர்த்தது.

விளையாட்டு ஓடும்போது செலக்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, கோர் ஆப்ஷன்ஸுக்குள் ரீஜன் என்ற இடத்துக்குப் போனேன். கோர் என்பது ரெட்ரோஆர்ச் ஓட்டும் எமுலேட்டர், நான் ஆடியது எஃப்சியுஎம்எம் என்ற கோரில். அங்கே முதலில் பால் என்று மாற்றினேன். தாளம் சரியாயிற்று, ஆனால் சுருதி அரைக்கட்டைக்கும் அதிகமாகத் தாழ்ந்துவிட்டது. ஐரோப்பாவில் விற்ற அசல் கருவியில் சில்லின் (சிப்) வேகமும் குறைவு, அதனால் ஸ்வரங்களும் தாழ்ந்து ஒலிக்கும். நகல் பெட்டிகளைச் செய்தவர்கள் சில்லின் வேகத்தை ஏறத்தாழ ஜப்பான் அளவிலேயே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் 50-க்கு மாற்றினார்கள். அதற்கும் ஒரு தேர்வு அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெயர் டெண்டி. 1992 முதல் ரஷ்யாவில் விற்ற இதே போன்ற நகல் பெட்டியின் பெயர் அது. அதைத் தேர்ந்தெடுத்ததும் தாளமும் சுருதியும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பலகை டிவிக்கு 60-ல் படம் அனுப்பிக்கொண்டிருந்ததால் காடு நகரும்போது ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. 50 படத்தை 60-ல் காட்டினால் ஐந்தில் ஒன்றை இரண்டு முறை காட்டித்தானே ஆக வேண்டும். விளையாட்டு துவங்கும் சமயம் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் இந்த விளையாட்டுக்கு மட்டும் 720, 50 ஹெர்ட்ஸ் என்று வீடியோ மோடைத் தேர்ந்து வைத்தேன். மைக்ரோ மேஜஸை 60-லேயே விட்டேன். கூடவே டிவியில் கேம் மோடை இயக்கினேன். படத்தை அழகாக்குகிறேன் என்று புது டிவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தால், குதிக்க அழுத்தினால் சற்றுத் தாமதித்துக் குதிக்கும். கேம் மோடில் அது பெருமளவு குறைந்தது.

பழைய துப்பாக்கி விளையாட்டுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. அந்தத் துப்பாக்கி குழாய் டிவியின் ஒளியைக் கண்டு வேலை செய்வது, தட்டை டிவியில் அதற்குக் கண் தெரியாது. பெரியவன் அதைத்தான் ரொம்பக் கேட்டான்.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது: விளையாடி முடித்ததும் சுவிட்சைத் தட்டிவிடக் கூடாது, மெனுவில் போய் ஷட்டவுன் கொடுத்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டில் உள்ளது கெட்டுப்போகும். எல்லாம் சரியான நிலையில் கார்டை அப்படியே மடிக்கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் அக்காவிடம் எதுவும் சொல்லாமல் கேம்பேடைக் கொடுத்தேன். பாட்டு தொடங்கியது. இரண்டு சுற்று தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள்.

“ம், இப்ப சரி. நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்” என்றாள்.