பிராக் ஜெப ஆலயத்தில் ஆச்சியின் சங்கீதம்

தம்பிக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன வாரத்தில் ஆச்சி ஒரு பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தால் எருசலேமுக்குப் போய், அங்கே நின்று 92ஆம் சங்கீதத்தை வாசிப்பேன் என்று. தம்பி பிழைத்தான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஆச்சிக்கு முழங்கால் போய்விட்டது. நாசரேத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவதே இப்போது பெரும்பாடு. நிறைவேற்றாத பொருத்தனை நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்வாள்.

நான் ஜெர்மனியில் டிரெஸ்டனில் படிக்கிறேன். ஏப்ரலில் எங்கள் மாணவர் ஐக்கியத்திலிருந்து 11 பேர் யூதர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க செக் நாட்டுத் தலைநகர் பிராக் கிளம்பினோம். கூடப் படிக்கும் யூதத் தோழி ஒருத்தியும் வந்தாள். அவளுடைய கொள்ளுப்பாட்டிக்கு அந்த ஊர்தான். ஆச்சியிடம் சொன்னதும், “ஏட்டி, அந்த ஜனங்க நின்னு பாடுத எடத்துல நீ நில்லு. எனக்காவ வாசிச்சிரு. கர்த்தர் ஏத்துக்கிடுவாரு” என்றாள். சங்கீதத்தை ஒரு தாளில் எழுதி மடித்து எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் பழைய யூதக் கல்லறைத் தோட்டம். சுமார் 12,000 கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இடம் போதாமல் அடக்கத்தின்மேல் அடக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். ஆக மூத்த கல் 1439ஆம் வருஷத்தது, கடைசி அடக்கம் 1787இல். 1609இல் மறைந்த ரபி லோவ் என்கிற பேர்பெற்ற யூத மதகுருவின் கல்லறையில் கூழாங்கல்லுக்கு அடியில் வேண்டுதல் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நிமிஷம் கண்ணை மூட விடவில்லை கூட்டம். குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேர், அடுத்த குடைக்குப் பின்னால் இன்னொரு நாற்பது பேர். முழங்கையால் இடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். இறந்தவர்கள் படுத்திருக்கும் இடம் என்று கொஞ்சமாவது நினைக்க வேண்டாமா? வெளியே வந்தால் காசு மாற்றித் தருகிறேன் என்று ஒருவன். எங்கள் பையன் ஒருவன் 50 யூரோ கொடுத்து, செல்லாத வேறு நாட்டு நோட்டுகளை வாங்கிக்கொண்டு முழித்தான். புதிதாகப் போகிறவர்கள் தெருவில் காசு மாற்றவே மாற்றாதீர்கள்.

பக்கத்திலேயே பிங்காஸ் ஜெப ஆலயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். 1968க்குப் பிறகு ஆலயத்தை மூடி, அந்த எழுத்தும் அழிந்து போய், 1992 முதல் 1996 வரை மறுபடி முதலிலிருந்து எழுதினார்களாம். தோழி தன் குடும்பத்துப் பெயர் ஒன்றை முக்கால் மணி நேரம் தேடினாள். கண்டுபிடித்ததும் சுவரைத் தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளி, காற்றிலேயே அந்தப் பெயரை விரலால் எழுதிப் பார்த்தாள். நாங்கள் பின்னால் போய் நின்றோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை தெரேசின், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த ஊர். ரயிலில் பொஹுஷோவிட்செ வரை போய், மீதி தூரத்தை நடந்தோம். 1943இல் தண்டவாளம் போடும்வரை கைதிகளை மூட்டை முடிச்சோடு நடத்திக் கூட்டிப்போன வழி அது. 3 கிலோமீட்டர்தான் இருக்கும். குளிர்ந்த மழை, என் ஷூவுக்குள் தண்ணீர், குதிகாலில் கொப்புளம். யாரும் வாய் திறக்கவில்லை. வயதானவர்களும் இப்படித்தானே நடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது ஆச்சியின் முழங்கால் ஞாபகம் வந்தது.

சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்திருக்கிறார்கள். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலானவர்களைக் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அருங்காட்சியகம், தகன இடம் எல்லாம் பார்த்தோம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வீட்டு முற்றத்தின் ஓரத்தில் இருந்த சின்ன அறை. கைதிகள் மறைவாக ஜெபம் பண்ணிய இடம். நம் வீட்டு அடுக்களையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வளைந்த கூரையில் நட்சத்திரங்கள். சுவரில் மெழுகுவர்த்தியைக்கூடச் சித்திரமாகத்தான் தீட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் காரை உதிர்ந்து, எபிரெய எழுத்துகள் அங்கங்கே மங்கிப்போயிருந்தன. தோழி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அர்த்தம் சொன்னாள். “இவ்வளவுக்குப் பிறகும் உம்முடைய நாமத்தை நாங்கள் மறக்கவில்லை. எங்களை மறந்துவிடாதேயும்.”

பொருத்தனையை இங்கேயே முடித்துவிடலாம் என்று பையிலிருந்து தாளை எடுத்தேன். கர்த்தரைத் துதிப்பது நல்லது என்றல்லவா 92ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது! அந்தச் சுவருக்கு முன்னால் என் வாயில் அது வரவில்லை. தம்பி பிழைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவள் நான். இங்கே நின்று கெஞ்சியவர்களின் பிள்ளைகள்? தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார் எங்களை அழைத்துப்போனவர். ஜெர்மன் பையன் ஒருவன் மட்டும், “எங்கள் தாத்தாவிடம் நான் எதுவுமே கேட்டதில்லை” என்றான். வேறு யாரும் பேசவில்லை.

அன்று மாலை ஓய்வுநாள் ஆராதனைக்குத் தோழி என்னைக் கூட்டிப்போனாள். பழைய-புதிய ஜெப ஆலயம். 1270 வாக்கில் கட்டியது, இன்றும் ஆராதனை நடக்கிறது. வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் விட்டார்கள். பெண்களுக்குத் தனி இடம். தடித்த கல்சுவரில் குறுகலாகத் திறந்திருக்கும் சந்து வழியாகத்தான் ஆராதனை கேட்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவருடைய தோளும் ஒரு விளக்கும்தான். ஒரு பாட்டின் கடைசியில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி, ஓய்வுநாளை வரவேற்றார்கள்.

அப்புறம் தோழி தன் ஜெபப் புத்தகத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து, “உன் பாட்டியின் சங்கீதம்” என்றாள். என் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. காலையில் அந்த அறையில் என்னால் சொல்ல முடியாததை, அந்தச் சுவரில் எழுதியவர்களின் சொந்த ஜனங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றேன். முடிந்தது என்று நினைத்தால் மறுபடி அதே சங்கீதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த ஆலயத்தில் இதை இரண்டு தடவை சொல்வது வழக்கமாம்! தாளை விரித்து, அவர்கள் சத்தத்துக்குள் என் சத்தத்தை ஒளித்துக்கொண்டு தமிழில் வாசித்தேன். ‘தாமார்’ என்கிற எபிரெய வார்த்தையில் தோழியின் விரல் நின்றது. அவர்களுக்கு அது பேரீச்சை. நம் வேதாகமத்தில் பனை. நீதிமான் பனையைப் போல் செழிப்பான் என்கிற வசனத்தைப் பனையேறியான தாத்தாவின் கல்லறையில் ஆச்சி வெட்டி வைத்திருக்கிறாள். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஆண்டவரே, எத்தனை கை மாறி இந்தப் பாட்டு எங்கள் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தது! காத்து வைத்துக் கொடுத்த அந்த ஜனங்களுக்கும் உமக்கும் கோடி ஸ்தோத்திரம்.

வெளியே வந்து ஒரு தெரு தள்ளிப் போய் போன் பண்ணினேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள் ஆச்சி.

“வாசிச்சிட்டியா?”

“வாசிச்சிட்டேன் ஆச்சி.”

“மழையில நனைஞ்ச மாதிரி குரல் இருக்கே, தலையத் துவட்டுட்டி” என்றாள். அவள் விசும்புவது எனக்குக் கேட்டது.