கீழ்வீட்டு சாரும் மேல்வீட்டு பூட்ஸும்

நேற்று ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு காலிங் பெல். கதவைத் திறந்தால் கீழ்வீட்டு சார். லுங்கி, கையில் டார்ச், முகத்தில் பாதித் தூக்கம். "இந்நேரத்துல யாரு வீட்ல உலக்கை போடுறீங்க?"

உலக்கை இல்லை, பூட்ஸ். ரெசிடென்ட் ஈவில் 2 என்கிற திகில் வீடியோ கேம், 2019-ல் வந்த ரீமேக். அதில் வரும் ராக்கூன் சிட்டி போலீஸ் ஸ்டேஷனுக்குள், ஆளைத் துரத்துகிற ராட்சதன் மிஸ்டர் எக்ஸ் உலாத்திக்கொண்டிருந்தார். பெரியவன் வழக்கம்போல சப்வூஃபரைச் சுவர் மூலையில், வெறும் தரையில் வைத்திருக்கிறான். மூலையில் வைத்தால் பாஸ், அதாவது அடிச்சத்தம், தானாகக் கூடும். வெறும் தரையில் வைத்தால் அதிர்வு கான்கிரீட்டுக்குள் இறங்கி, கீழே ஃபேன் கொக்கி வரைக்கும் போய் நலம் விசாரிக்கும்.

மன்னிப்பு கேட்பதற்குள் சார் தலையைச் சாய்த்துவிட்டார். முப்பது வருஷம் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்புச் சத்தம் கேட்ட காது. "ஒரே ஆள்தான். நல்ல வெயிட்டு. இப்ப படியேறுறான்." திரையில் பார்த்தால் அவன் நிஜமாகவே படியேறிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், சார் செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். அம்மா மோர் கொண்டுவந்தாள். எந்த ஊரில் புகார் கொடுக்க வந்தவருக்கு மோர் கொடுக்கிறார்கள்?

இந்த விளையாட்டின் முழு பலமும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. மிஸ்டர் எக்ஸைக் கொல்ல முடியாது. நிறைய சுட்டால் கொஞ்ச நேரம் மண்டி போடுவான், எழுந்து மறுபடி நடப்பான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே வருவான். ஆட்டத்தைச் சேமிக்கும் டைப்ரைட்டர் இருக்கிற சின்ன அறைகளுக்குள் வரமாட்டான். ஆனால் நடு ஹாலிலும் டைப்ரைட்டர் இருக்கிறதே என்று அங்கே போய் மூச்சு வாங்கினால் கதை முடிந்தது. இதில் லிக்கர் என்று இன்னொரு அரக்கப் பிராணி. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். அதன் பக்கத்தில் பூனை மாதிரி நடக்கணும், பின்னால் இவன் வந்தால் ஓடணும். இரண்டும் ஒரே வராந்தாவில் சேர்ந்தால் என்ன செய்வது? பெரியவன் செத்துப்போவான். ஐந்து தடவை செத்தான்.

ஆறாவது தடவை சார் காவல் பார்த்தார். "நில்லு தம்பி. தலைக்கு மேல இருக்கான். ஹாங், தள்ளிப் போறான், இப்ப கதவைத் திற." பையன் தாண்டிவிட்டான். இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போன் செய்யாததை அரை தம்ளர் மோர் செய்தது.

மேப்பையும் சொல்லணும். பொருள் பாக்கி இருக்கிற அறை சிவப்பு, துடைத்து எடுத்துவிட்டால் நீலம். சாவிக்கு இனி வேலை இல்லையென்றால் அதன் மேல் டிக் விழும், தூக்கிப் போட்டுவிடலாம். பையில் முதலில் 8 கட்டம்தானே, இடுப்புப் பை கிடைத்தால் இரண்டிரண்டாகக் கூடும். "நம்ம பரணுக்கு இப்படி ஒரு மேப் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள் அம்மா. எங்கள் பரண் 1994 முதல் சிவப்புதான்.

போலீஸ் ஸ்டேஷனை விட்டுச் சாக்கடைக்குள் இறங்கியதும் விறுவிறுப்பு போய்விடுகிறது. அங்கே பூட்ஸ்காரன் துரத்தி வருவதில்லை. இடுப்பளவு கறுப்புத் தண்ணீர், செஸ் காய் வடிவ பிளக்குகளை எடுத்து மாற்றி மாற்றிச் செருகும் வேலை. சார் கொட்டாவி விட்டார். கூவத்து ஓரமாகவே பஸ் பிடித்து வளர்ந்த ஊரில் இதைக் காட்டியா பயமுறுத்துவது?

ஆனால் நிஜமான கோபம் சின்னவளுக்கு. விளையாட்டில் லியோன், கிளேர் என்று இரண்டு நாயகர்கள். அண்ணன் முன்பே லியோனாக ஒருதரம் முடித்துவிட்டதால் இவள் கிளேராக இரண்டாவது ஆட்டம் தொடங்கியிருந்தாள். போலீஸ் ஸ்டேஷன் சிங்கச் சிலையின் பூட்டுக்கு அண்ணன் போட்ட குறிகள் சிங்கம், கிளை, பறவை. இவளுக்குக் கிரீடம், தீப்பந்தம், பறவை. புதிர்களில் மாறியது இப்படிச் சில விடைகள்தான். சிலைகளிலிருந்து எடுக்கவேண்டியது அதே மூன்று பதக்கம், மேற்கு அலுவலக லாக்கருக்கு அதே 9, 15, 7. அண்ணன் கிரேன் கண்டெய்னரால் அடித்துக் கீழே தள்ளிய, அரக்கனாக உருமாறிய விஞ்ஞானி பிர்கினை இவளும் அதே கிரேனால் தள்ளணும். ஒரே ராத்திரியில் ஒரே ஆளை இரண்டு பேர் எப்படித் தனித்தனியாகத் தள்ளினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

1998-ல் வந்த அசலில் இது இரண்டு சிடி, இரண்டு ஆள். ஆயுத அறையில் மெஷின் கன்னும் இடுப்புப் பையும் இருக்கும். முதல் ஆள் இரண்டையும் அள்ளிக்கொண்டால், இரண்டாவது ஆள் திறக்கும்போது காலி. விட்டுவைத்தால் இரண்டாவது ஆளுக்கு. அந்த ஒரு அலமாரியில் இருந்த கதைக் கோர்வை புதுசில் மொத்தமாகவே காணோம். படம் பளபளவென்று இருக்கிறது, பங்கு பிரிக்கிற சண்டை போய்விட்டது. சின்னவளுக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டை போட ஒரு காரணம் குறைந்தது அல்லவா.

சார் கிளம்பும்போது ஒன்றரை மணி.

இன்று காலை மறுபடி பெல். சார்தான். கையில் அரை இன்ச் கனத்தில் நான்கு கறுப்பு ரப்பர் துண்டுகள், அளவெடுத்து வெட்டியது. அவரே குனிந்து சப்வூஃபரின் நான்கு காலுக்கும் அடியில் வைத்தார், மூலையிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தார், பின்பக்கத் திருகில் பாஸைப் பாதியாக்கினார். "இனிமே கீழே கேட்காது" என்றார்.

வாசல் வரை போய்த் திரும்பி, சின்னவளைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "பாப்பா, அவன் தொப்பியைச் சுட்டா விழுமாமே? எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?"