ஜூலைப் பக்கம்

அச்சகத்தில் பிளேட் போடுவதற்கு முந்தைய வேலை என்னுடையது. வரும் படத்தை சியான் என்ற வெளிர்நீலம், மஜெந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நான்கு மை வண்ணமாகப் பிரித்து, சரிபார்த்து, ப்ரூஃப் எடுத்துக் கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் சுவர்க் காலண்டர் கேட்டார். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டச்சு ஓவியங்கள், எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் 'ஹேக் பள்ளி' என்ற ஓவியர் குழுவினர் வரைந்தவை.

அவர்களுக்கு 'சாம்பல் பள்ளி' என்றும் ஒரு பெயர் உண்டு. மூடிய வானம், ஈரக்காற்று, அடங்கிய நிறம். அதைப் படித்துவிட்டு, பன்னிரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியட்டும் என்று எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங்கைப் போட்டு நிறத்தை இறக்கினேன். பதினொன்று தாங்கிக்கொண்டன. ஜூலை செத்துப்போனது.

அது பால் காப்ரியேல் 1889 வாக்கில் வரைந்தது. படத்தின் பெயரே 'ஜூலை மாதத்தில்'தான். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ரெம்பிராண்ட், வான் கோ என்று தெரிந்து வைத்திருக்கும் நம்மில் பலர் இவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். ஒரு வாய்க்கால், புல் கரை, ஒரு காற்றாலை, பெரிய வானம், தண்ணீரில் ஆலையின் நிழல். அவ்வளவுதான் படம். பார்த்தால் மனசு அடங்கும்.

ஆனால் அந்த ஆலை அழகுக்காக நிற்கவில்லை. அது நிற்பது ஒரு போல்டரில், தண்ணீர் இறைக்க. போல்டர் என்பது கரை கட்டி, தண்ணீரை இறைத்து மீட்ட தாழ்வான நிலம். ஊறி வரும் நீரை மேலே உள்ள கால்வாய்க்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வயல் மறுபடியும் ஏரியாகிவிடும். பேம்ஸ்டர் என்ற போல்டரை 1612-லேயே காற்றாலைகளை வைத்து வற்றவைத்தார்கள். காப்ரியேல் வரைந்த காலத்தில் நீராவி பம்புகள் வந்து, இந்த ஆலைகளின் வேலை குறையத் தொடங்கியிருந்தது. அந்த அமைதி உழைப்பால் வந்தது என்று தெரிந்த பிறகு படத்தின் மேல் மரியாதை கூடியது.

ப்ரூஃபைப் பார்த்த மெஷின்மேன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை வானத்தின் மேல் வைத்து, "நீயே பாரு தம்பி" என்று நகர்ந்துகொண்டார். குனிந்து பார்த்தேன். சியான் புள்ளிகளுக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள், மூட்டை மூட்டையாக. நீலத்தின் நிறத்தை இறக்கினால் மஜெந்தாவும் மஞ்சளும் உள்ளே வந்துவிடும். மூன்றும் சேர்ந்தால் சாம்பல். ஜூலை மாத வானத்தில் நான் சாம்பலைத் தூவியிருந்தேன்.

அதன் பிறகுதான் காப்ரியேலைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் நாடு சாம்பல் இல்லை, மூடிய வானிலையிலும் சாம்பல் இல்லை என்று ஆணித்தரமாகச் சொன்னவர் இவர். சாம்பல் பள்ளி என்று பெயரெடுத்த கூட்டத்துக்குள் இருந்துகொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மனிதரின் படத்தைத்தான் நான் சாம்பலாக்கியிருக்கிறேன். அன்று எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து பிரித்தேன். வானத்திலிருந்து மஞ்சளை எடுத்தேன். மஜெந்தா, சியானில் பாதியைத் தாண்டாமல் பிடித்து வைத்தேன். தாண்டினால் நீலம் ஊதாவாகிவிடும். தண்ணீரில் தெரியும் வானத்தைத் தொடவே இல்லை. நீரில் விழும் வானம் மேலே இருப்பதைவிட ஒரு பிடி அடர்த்தியாகத்தான் இருக்கும். அதைச் சமன் செய்திருந்தால் தண்ணீர் கண்ணாடியாகிப் போயிருக்கும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஷீட்டில் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே வரிசையில் ஓடும் பக்கங்களுக்கு மை ஒரே சாவியிலிருந்துதான், அதாவது மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே திருகிலிருந்துதான், இறங்கும். ஜூலைக்கு நேர் பின்னால் மழை மேகம் நிறைந்த நவம்பர் இருந்தது. நவம்பருக்காகக் கருப்பை ஏற்றினால் ஜூலையிலும் ஏறும். எனவே லே-அவுட்டைக் கலைத்து, ஜூலையோடு மே மாதத்தின் புல்வெளியை வைத்தேன். அரை நாள் கூடுதல் வேலை. யாரும் கேட்கவும் இல்லை.

மெஷின் ஓடி மை நிலைத்ததும் அண்ணன் ஒரு ஷீட்டை உருவி வெளிச்சத்தின் கீழ் விரித்தார். லென்ஸை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்துவிட்டு, "காத்து வருதுல்ல" என்றார்.